துணைப்பாடமாகப் பொது நிர்வாகம்

பட்டப்படிப்பில் சேரும் பிள்ளைக்கு முதன்மைப் பாடத்தை நாள்கணக்கில் ஆலோசித்துத் தேர்ந்தெடுக்கிறோம். துணைப்பாடத்தையோ, கல்லூரி கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். வாய்ப்புள்ள இடங்களில் பொது நிர்வாகத்தை எடுக்கச் சொல்லுங்கள் என்பேன்.

ஐ.ஏ.எஸ். பணியில் முஸ்லிம்கள் 3 சதவீதமே என்று சச்சார் குழு 2006இல் சொன்னபோது பெருமூச்சு விட்டோம். அந்தக் கனவு இருக்கட்டும். அன்றாடத் தேவைக்கே இப்பாடம் வேண்டும். இதன் கோட்பாட்டுப் பகுதி சற்று வறட்சியானதுதான். ஆனால் மாவட்ட நிர்வாகம், உள்ளாட்சி, வரவு செலவுத் திட்டம் ஆகிய பகுதிகளைப் படித்த பிள்ளைக்கு, எந்த அதிகாரியிடம் எதைக் கேட்பது என்பது விளங்கும். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதற்குரிய சான்றிதழுக்காக இன்றும் இடைத்தரகரை நாடுவோர் நம்மில் இருக்கின்றனர். 10 ரூபாய் கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் அலுவலகம் பதில் தர வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அவ்விண்ணப்பத்தை எழுத வீட்டில் ஒருவர் வேண்டாமா? வக்ஃபு சொத்துக்காக ஜமாஅத்தில் குரல் உயர்த்துவோர் பலர். பதிவேட்டை வாசிக்கத் தெரிந்தவர் சிலரே.

உமர் (ரலி) அவர்கள் திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி உதவித்தொகை வழங்கியதை மேடைதோறும் பெருமையுடன் பேசுகிறோம். அதே துறையின் இன்றைய பாடநூல், வணிகவியல் படிக்கும் நம் மகளின் கைக்கும் வரட்டும். சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் முன், அப்பாடம் அங்கே உண்டா என்று கேட்டுவிடுங்கள்.