37-க்குக் கீழே என்றால் நிம்மதியா?

கணையப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் எழுதித் தரப்படும் ரத்தப் பரிசோதனை சிஏ 19-9. நம்பர் 37-க்குக் கீழே வந்தால் 'நார்மல்'. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறி வந்த குடும்பம், அந்த ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக ஊர் திரும்பும். அந்த நிம்மதியை எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா? கூடாது. காரணம் ஒரு மரபணு.

சிஏ 19-9 ஒரு புரதம் அல்ல. புரதங்களின் மேலும் கொழுப்புகளின் மேலும் செல் ஒட்டி வைக்கும் சிறு சர்க்கரைச் சங்கிலி. இப்படி ஒட்டும் வேலைக்குத்தான் கிளைகோசைலேஷன் என்று பெயர். இந்தச் சங்கிலியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை மாட்டுவது எஃப்யூடி3 மரபணு தரும் நொதி. நூற்றில் 5 முதல் 10 பேருக்கு இந்த மரபணு வேலை செய்யாது. அவர்களுக்குப் புற்றுநோய் முற்றினாலும் நம்பர் ஏறாமலே இருக்கலாம். இன்னொரு பக்கம், பித்தக்குழாயில் கல் அடைத்து வரும் காமாலையிலும் நம்பர் எகிறும்!

சரி, இந்தச் சர்க்கரை வெறும் அடையாளம்தானா? எலிகளுக்கு இயற்கையில் சிஏ 19-9 கிடையாது. அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தார் எஃப்யூடி3 உட்பட இரண்டு மனித மரபணுக்களை எலிகளில் சேர்த்துப் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். கணையத்தில் அழற்சி வந்தது. புற்றுநோய்க்கான கேராஸ் மாற்றம் ஏற்கெனவே இருந்த எலிகளில் நோய் வேகமாக முற்றியது. ஆக, சாட்சி என்று நினைத்தது கூட்டாளியாகவும் இருக்கிறது.

இது அயல்நாட்டு எலிக்கதை மட்டுமல்ல. நாள்பட்ட கணைய அழற்சி தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல. இங்கு காணப்படும் கல் படியும் வகை அழற்சி உள்ளவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் ஆபத்து பல மடங்கு என்று, சென்னை மருத்துவர் வி. மோகன் பங்கேற்ற ஆய்வு 1994-லேயே சொல்லிவிட்டது.

அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறை, ஹாம்ஸ்டர்களின் வாய்ப் புற்றுநோயில் சியாலிக் அமிலத்தையும் ஃபியூகோஸையும் அளந்து ஆய்வுகள் வெளியிட்ட துறை. மருத்துவக் கல்லூரியும் அதே அண்ணாமலை நகரில்தான். இரண்டும் கைகோத்தால் சிஏ 19-9 ரிப்போர்ட்டோடு எஃப்யூடி3 நிலையையும் எழுதித் தர முடியாதா? பிறவியிலேயே அமைந்த மரபணு என்பதால், ஒருவருக்கு ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும்.

அதுவரை குறைந்தபட்சம் ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி வேண்டும்: 'சிலருக்கு இந்த நம்பர் ஏறவே ஏறாது. தொந்தரவு தொடர்ந்தால் ஸ்கேன் எடுக்கவும்.' அந்த ஒரு வரி சில உயிர்களைக் காப்பாற்றக்கூடும்.