யார் தாமதம்?

"என்ன தோழர், நீங்க பொன்னியின் செல்வன் படிச்சதில்லையா?"

இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள் என்று கணக்கில்லை. கல்லூரியில் கேட்டார்கள். வேலைக்குப் போன இடத்தில் கேட்டார்கள். இலக்கியக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை, நண்பர்கள்தான். ஆனால் கேள்வியில் ஒரு ஆச்சரியம் இருக்கும். சோறு தின்னாமல் ஒருத்தன் எப்படி இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறான் என்பது போன்ற ஆச்சரியம். அந்த ஆச்சரியத்துக்குப் பயந்து முப்பது வருஷம் பொய் சொன்னேன். 'படிச்சிருக்கேன், ரொம்ப நாளாச்சு' என்பேன். 'யாரைப் பிடிக்கும்?' என்றால் வந்தியத்தேவன் என்பேன். ஆதிதிராவிடர் விடுதியில் என்னோடு இருந்த பலரும் இதே பதிலைத்தான் வைத்திருந்தார்கள். எங்கள் அறையில் ஒருத்தனும் அதைப் படித்திருக்கவில்லை.

2022இல் படம் வந்தது. பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. புத்தகத்தில் இப்படி, படத்தில் அப்படி என்று சண்டை. அன்றைக்கு ஒரு இளம் ஆசிரியை கேட்டபோது முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். 'படிச்சதில்ல டீச்சர்.' அறையே ஒரு கணம் அமைதியானது. மறுநாள் அவரே ஐந்து பாகத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். ஐம்பது வயது தாண்டிய பிறகு, புது வெள்ளத்தில் தொடங்கித் தியாக சிகரம் வரைக்கும் படித்து முடித்தேன்.

தாமதம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு? இந்தத் தமிழ்நாட்டில் தாமதமாகப் படித்தவன் நான் ஒருத்தன்தானா? இதைப் பேசவேண்டியிருக்கிறது.

கல்கி பத்திரிகையில் இந்தத் தொடர் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரைக்கும் வந்தது. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியத்தின் படங்களோடு பைண்டு பண்ணி வைத்த வீடுகள் உண்டு. தாத்தா பைண்டு பண்ணியது, பாட்டி படித்துக் காட்டியது, அம்மா ஒளித்து வைத்துப் படித்தது என்று அதற்கென்று ஒரு பரம்பரைக் கதையே உண்டு. பத்திரிகை வாங்கக் காசு, எழுத்துக் கூட்டத் தெரிந்த பாட்டி, பைண்டு பண்ணியதை ஐம்பது வருஷம் நனையாமல் வைக்க ஒழுகாத கூரை. இந்த மூன்றும் இருந்தால்தான் அந்த வீட்டுப் பிள்ளை பத்து வயதில் வந்தியத்தேவனோடு குதிரை ஏறமுடியும். இதற்குப் பெயர் வாசிப்பு ஆர்வம் என்கிறார்கள். நான் சொத்து என்கிறேன்.

அந்தச் சொத்தை எங்கள் வீட்டிலும் ஒருத்தி பார்த்திருக்கிறாள், என் அம்மா.

எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். அடைமழை விட்டு வெயில் அடித்த சமயம். பண்ணை வீட்டில் பெட்டிக்குள் இருந்த புத்தகமெல்லாம் ஈரம் ஏறிப்போச்சு என்று கொல்லையில் கோணியை விரித்துக் காயப்போட்டார்கள். ஆடு மாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள அம்மாவை உட்காரச் சொன்னார்கள். கையில் ஒரு குச்சி. 'தொடாம பாத்துக்க' என்று உத்தரவு. மத்தியானம் திடீர்னு தூறல் போட்டுச்சு. கூப்பிட்டா யாரும் வரல. அம்மா முந்தானைய விரிச்சுப் பொஸ்தகத்தையெல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடிப்போயித் தாழ்வாரத்துல வச்சுட்டா. ஒண்ணுகூட நனையல. அதுக்கு அவளுக்குக் கெடைச்சது ஏச்சுத்தான். 'ஒன்னை யாருடி தொடச் சொன்னது? நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போவுது.' நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் கல்கி பைண்டுகள் இருந்தன என்பது அம்மாவுக்கு அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் பேசிக்கொண்டதில் தெரியும். 'கல்கி பொஸ்தகம்' என்றுதான் கடைசிவரை சொன்னாள். எங்கள் வீட்டுக்கு பொன்னியின் செல்வன் தெரியவந்தது இப்படித்தான். நனைந்தாலும் பரவாயில்லை, நம் கை பட்டுவிடக்கூடாத பொருளாக.

படித்தேன் என்று சொன்னதும் நம் தோழர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். 'ராசா கதையெல்லாம் நமக்கெதுக்கு? ஒதுக்கித் தள்ளவேண்டிய குப்பை' என்றார் ஒருவர். அவர் படித்திருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். படிக்காமலே ஒதுக்குவது யாருடைய வேலை என்று யோசிக்கவேண்டும் தோழர். நம்மை அப்படித்தானே ஒதுக்கினார்கள்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கதை பிடித்திருந்தது. ராத்திரி ரெண்டு மணிவரைக்கும் படித்தேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் பாதியில் வெட்டி மறுவாரத்துக்கு இழுத்துப்போகிற வித்தை மனிதருக்குக் கைவந்திருக்கிறது. பிடித்தது என்று சொல்ல வெட்கப்படவேண்டியதில்லை. சந்தோஷமாகப் படிக்கிற உரிமையும் நமக்கு மறுக்கப்பட்ட உரிமைகளில் ஒன்றுதான்.

ஆனால் ஐம்பது வயதில் படிக்கிறவனும் பத்து வயதில் படிக்கிறவனும் ஒரே புத்தகத்தைப் படிப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக் குதிரை தெரியும். எனக்கு ஏரிக்கரை தெரிந்தது.

கதை தொடங்குவது வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு அன்று. அதுதான் எங்கள் வீராணம் ஏரி. அந்தத் தண்ணீர் பாய்கிற ஊர்தான் எங்கள் ஊர். அம்மா நாற்று நட்டதும் களை பறித்ததும் அந்தத் தண்ணீரில்தான். சாவதற்குக் கொஞ்சநாள் முன்னால் அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். ஏரி நிறைந்து கிடக்கிறது, கரையெல்லாம் சனம், பாட்டும் கட்டுச்சோறுமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் கேட்டாள். 'நம்ம ஆளுங்க எங்க நின்னாங்களாம்?'

திரும்பப் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் நாங்கள் எங்கே நின்றோம் என்று கல்கி சொல்லவில்லை. கரையை அடைத்தவன், வாய்க்கால் வெட்டினவன், மடை திறந்தவன், நாற்று நட்டவள் இல்லாமல் அந்தப் பொன்னி நதி ஒரு மரக்கால் நெல்லைக்கூடக் கொடுத்திருக்காது. ஐந்து பாகத்தில் அரசர், இளவரசி, பழுவேட்டரையர், வைணவ ஒற்றன், வைத்தியர், சோதிடர், படகோட்டி எல்லாரும் வந்து போகிறார்கள். கதையை நடத்துகிற முக்கியமான ஆட்களில் சேரியிலிருந்து வந்தவர் ஒருத்தரும் இல்லை.

'கதைதானே சார், எல்லாரையும் சேர்க்க முடியுமா?' என்பார்கள். அதனால்தான் கேட்கிறேன். நந்தினி கல்கியின் கற்பனை. பூங்குழலி கற்பனை. ஆழ்வார்க்கடியான் கற்பனை. இத்தனை பேரைக் கற்பனை செய்த கைக்குச் சேரியைக் கற்பனைகூடச் செய்யவேண்டியிருக்கவில்லை. அது கல்லிலேயே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை எடுத்துப் பாருங்கள். கோயிலுக்கு இராசராசன் கொடுத்த ஊர்களில் வரி போடாமல் கழித்துவிட்ட நிலங்களின் பட்டியல் இருக்கிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகிற அந்தப் பட்டியலில் பறைச்சேரி இருக்கிறது, கம்மாணசேரி இருக்கிறது, தீண்டாச்சேரி இருக்கிறது. செத்தவர்களுக்கும் தனி இடம்: பறைச்சுடுகாடு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே 'தீண்டா' என்ற சொல் அரசாங்கக் கணக்கில் ஏறிவிட்டது. இந்தக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் 1890களிலேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார். கல்கி தொடர் எழுதுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால். கல்கி கல்வெட்டு அறியாதவர் இல்லை. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் வேலை பார்த்தவர், சேரி அறியாதவரும் இல்லை. கல்லிலிருந்து பட்டப்பெயர்களையும் போர்களையும் எடுத்துக்கொண்டார். சேரியைக் கல்லிலேயே விட்டுவிட்டார்.

2019 ஜூனில் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. இரஞ்சித் இராசராசன் காலத்தைப் பற்றிப் பேசியதற்கு அவர்மேல் வழக்குப் போட்டார்கள். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும். தீண்டாச்சேரி இருந்ததா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. அப்படியிருந்தும் பொற்காலத்தைக் கேள்வி கேட்டால் ஊர் கொதிக்கிறது. இந்தக் கொதிப்பு வரலாற்றுப் புத்தகம் படித்து வந்ததா? பெரும்பாலும் இல்லை. வாராவாரம் தொடர்கதையாக ஊட்டி, தலைமுறை தலைமுறையாகப் பைண்டு பண்ணிக் காத்த பாசம் அது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இது நம் ஆட்களுக்கு. கதையின் முடிவில் சேந்தன் அமுதன் அரியணை ஏறுகிறான். குடிசையில் ஊமைத் தாயிடம் வளர்ந்தவன், கோயிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுத்தவன். படகுக்காரி பூங்குழலி ராணியாகிறாள். அந்த இடத்தில் என் கண் கலங்கியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவன் எப்படி ஏறுகிறான்? பிறந்தபோது மாறிப்போன குழந்தை, உண்மையில் கண்டராதித்தரின் மகன் என்று தெரிந்த பிறகுதான் ஏறுகிறான். அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன், அந்த ரத்தம் இல்லை என்று தெரிந்ததும் வெளியே போகிறான். வளர்ப்பு எப்படியிருந்தாலும் பிறப்புத்தான் முடிவு பண்ணும் என்பதுதான் இதன் நியாயம். மனு சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

சதய விழா வந்தால் இராசராசன் எங்கள் சாதி என்று எல்லாச் சாதியும் போஸ்டர் ஒட்டுகிறது. நம்மிலும் சிலர் ஒட்டுகிறார்கள். நாங்களும் ஆண்ட பரம்பரைதான், இடையில் குழந்தை மாறிப்போச்சு என்பதுதானே அந்தப் போஸ்டரின் சாரம்? ராச ரத்தம் இருந்தால்தான் மனிதனுக்கு மரியாதை என்று நாமே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால், ரத்தம் இல்லாதவன் கதி என்ன? சேந்தன் அமுதன் பூக்காரி மகனாகவே இருந்து மரியாதை பெறவேண்டும். அதைத்தான் நாம் கேட்கவேண்டும்.

இப்போது தாமதத்துக்கு வருகிறேன்.

இன்னொரு வாரப் பத்திரிகை இருந்தது. 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய 'ஒரு பைசாத் தமிழன்', பிறகு 'தமிழன்'. 1914இல் சாகும்வரைக்கும் அவர் அதை நடத்தினார். அதிலும் ஒரு தொடர் வந்தது, 'இந்திரர் தேச சரித்திரம்'. அதுவும் இந்த மண்ணின் பழங்காலத்தைச் சொன்னதுதான். சாதியில்லாத ஒரு பௌத்த நாட்டில் சாதி எப்படி வந்து புகுந்தது என்று வாராவாரம் எழுதினார். கல்கிக்கு நாற்பது வருஷம் முன்னால். அதைக் கிழித்துப் பைண்டு பண்ணி வைத்தது எத்தனை வீடு? ஞான. அலாய்சியஸ் தொகுத்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' புத்தகமாக வந்தது 1999இல். பண்டிதர் இறந்து எண்பத்தைந்து வருஷம் கழித்து.

அம்பேத்கர் 1956இல் இறந்தார். அவர் எழுத்துகளின் முதல் தொகுதியை மகாராஷ்டிர அரசு வெளியிட்டது 1979இல். தமிழில் தொகுதிகள் வரிசையாக வரத் தொடங்கியது 1990களில். இந்த வரிசையை நீங்கள் எப்போது படித்தீர்கள் என்று தமிழ் வாசகர்களைப் பார்த்து யாராவது ஆச்சரியப்பட்டுக் கேட்டதுண்டா? 'இன்னும் படிக்கலையா?' என்று கேட்டு எந்த ஆசிரியர் அறையாவது அமைதியானதுண்டா? படிக்காதவர் யாராவது வெட்கப்பட்டு, படித்தேன் என்று பொய் சொன்னதுண்டா?

நான் கல்கியை நாற்பது வருஷம் தாமதமாகப் படித்தேன். வாசலில் காவலுக்கு உட்காரவைக்கப்பட்டவளின் மகன், அதனால் தாமதம். நீங்கள் அயோத்திதாசருக்கு நூறு வருஷம் தாமதம். உங்களை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. என் தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது, உங்கள் தாமதத்துக்கு என்ன காரணம்?

விடுதியில் இருந்து இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். எந்தப் புத்தகம் பற்றிக் கேட்டாலும் படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்று சொல்லுங்கள். பொய் சொல்லி நான் முப்பது வருஷத்தை வீணாக்கினேன். கல்கியைப் படியுங்கள், அவர் எழுத்து இப்போது நாட்டுடைமை, மலிவுப் பதிப்பு நடைபாதையில்கூடக் கிடைக்கிறது. பக்கத்தில் அந்தக் கல்வெட்டையும் வைத்துக்கொண்டு படியுங்கள். வீரநாராயண ஏரிக்கரையில் கூட்டம் கூடுகிற இடம் வரும்போது நிறுத்தி, என் அம்மா கேட்டதைக் கேளுங்கள். நம்ம ஆளுங்க எங்க நின்னாங்க? பதில் அந்தப் புத்தகத்தில் இல்லை. நீங்கள்தான் எழுதவேண்டும்.