செமோரில் ஓடிய மரியோவின் வேகம்

பழைய வீடியோ கேம் ஒன்றை இன்றைய கருவியில் மீண்டும் வெளியிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதைத் திரும்பச் செய்வது: படங்களைப் புதிதாக வரைந்து, இசையைச் சீர்படுத்தி, நிரலைத் திருத்தி எழுதுவது. 1995இல் வந்த ‘கமாண்ட் அண்ட் காங்க்கர்’ என்ற கணினி கேம் 2020இல் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, அதன் படங்களை மறுபடி வரைந்தவர்களில் மலேசியாவின் லெமன் ஸ்கை ஸ்டுடியோஸ் கலைஞர்களும் இருந்தார்கள். மற்றொரு வழியில் கேமின் நிரலில் யாரும் கைவைப்பதில்லை. அது ஓடிய பழைய இயந்திரத்தையே மென்பொருளாகச் செய்து, அதற்குள் கேமை ஓடவிடுகிறார்கள். அந்த மென்பொருள்தான் எமுலேட்டர். இன்று காசு கொடுத்து வாங்கக் கிடைக்கும் பழைய கான்சோல் கேம்களில் பெரும்பகுதி இப்படி வருபவையே.

இயந்திரத்தை மென்பொருளாகச் செய்வது என்றால் என்ன என்பதற்கு நிண்டெண்டோவின் ஃபேமிகாம் நல்ல உதாரணம். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்டிக்குள் நொடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்புகள் துடிக்கும் ஒரு சிப், வெறும் 2 கிலோபைட் நினைவகம், படம் வரைவதற்கென்று தனியாக இன்னொரு சிப். முதல் சிப் ஒருமுறை துடிக்கும் நேரத்தில் இரண்டாவது சிப் மூன்று புள்ளிகளை வரைந்துவிடும். எமுலேட்டர் கேமின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, பழைய சிப் செய்திருக்கக்கூடியதைச் செய்து, அதற்கு எத்தனை துடிப்புகள் ஆகியிருக்கும் என்று கணக்கு வைத்து, அதற்கு ஈடான புள்ளிகளையும் வரைய வேண்டும்.

இந்தக் கணக்கில் சிறு பிசகு வந்தாலும் உடனே தெரியும். ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ கேமில் மேலே புள்ளிக் கணக்கு அசையாமல் நிற்க, கீழே நிலம் இடப்பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். அந்தக் காலத்துச் சிப்புக்குத் திரையின் ஒரு பகுதியை நிறுத்திவைத்து மறுபகுதியை மட்டும் நகர்த்தத் தெரியாது. அதனால் நிரல் எழுதியவர்கள் ஒரு வழி கண்டார்கள். மேலே இருக்கும் சிறு காசுப் படத்தின் அடிப்பகுதி வரையப்படும் கணம்வரை நிரல் காத்திருக்கும். அந்தக் கணத்தில் நகர்வைத் தொடங்கிவைக்கும். எமுலேட்டரின் நேரக்கணக்கு தவறினால் மேல்வரி நடுங்கும், அல்லது கேம் அங்கேயே நின்றுவிடும். பழைய கேமைத் தூக்கிப் புதுப் பெட்டியில் போடுவதில் என்ன பெரிய வேலை என்று எண்ணுகிறவர்கள் இந்த ஒரு காசை நினைத்துப் பார்க்கலாம்.

ஆக, எமுலேட்டர் எழுதுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த இயந்திரத்தைச் செய்யப்போகிறோம் என்பதை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி என்.டி.எஸ்.சி. முறையில் நொடிக்கு 60 படம் காட்டியது. ஐரோப்பாவிலும் மலேசியாவிலும் பி.ஏ.எல். முறை, நொடிக்கு 50 படம். மலேசியாவில் அந்தப் பழைய ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31 அன்றுதான் முழுமையாக நின்றது. 60 படத்தை எண்ணி எழுதிய கேம் 50 படம் காட்டும் பெட்டியில் ஓடும்போது மெதுவாகிவிடும், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில் இருக்கும் செமோருக்கு இந்த 50 படக் கணக்கு நேரடியாகப் பொருந்துகிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ரப்பர் தோட்டத்து மக்கள் லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வந்து சேர்ந்த எண்பதுகளும் தொண்ணூறுகளும்தான், வீடியோ கேம் பெட்டி நடுத்தர, ஏழைக் குடும்பங்களின் கைக்கு எட்டிய காலமும். அப்படி எட்டியது பெரும்பாலும் நிண்டெண்டோவின் அசல் பெட்டி அல்ல. தைவானின் டி.எக்ஸ்.சி. நிறுவனம் செய்த மைக்ரோ ஜீனியஸ் போன்ற நகல்கள். ஃபேமிகாம் கேசட் அப்படியே அதில் பொருந்தும். விலையும் குறைவு.

இந்த நகல்களை மட்டமான சரக்கு என்று ஒதுக்குவது தவறு. பி.ஏ.எல். நாடுகளுக்கென்று தைவானின் யு.எம்.சி. நிறுவனம் செய்த சிப்புகளில் கூர்மையான பொறியியல் இருக்கிறது. நிண்டெண்டோ ஐரோப்பாவுக்காகச் செய்த பெட்டியில் சிப்பின் துடிப்பு நொடிக்குச் சுமார் 16 லட்சத்து 60 ஆயிரமாக இறங்கியது. படத்துக்கும் படத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி 20 வரியிலிருந்து 70 வரியாக நீண்டது. இதனால் ஜப்பானிய கேம்கள் பல அதில் ஒழுங்காக ஓடவில்லை. ஐரோப்பாவுக்கென்று நிரலைத் திருத்த வேண்டியிருந்தது. யு.எம்.சி.யின் பொறியாளர்கள் வேறு வழியில் போனார்கள். துடிப்பைச் சுமார் 17 லட்சத்து 73 ஆயிரமாக, ஜப்பானிய வேகத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். கூடுதலாக வேண்டிய 50 வரிகளைப் படம் முடிந்த கையோடு சும்மா கழியவிட்டு, அதற்குப் பிறகே அந்த 20 வரி இடைவெளியைத் தொடங்கினார்கள். திருத்தாத ஜப்பானிய கேசட்டுக்குத் தான் ஜப்பானில்தான் ஓடுகிறோம் என்ற நினைப்பு மாறவில்லை.

விளையாடியவருக்கு இதன் விளைவு விசித்திரமானது. துடிப்பு ஏறக்குறைய மாறாததால் இசையின் சுருதி கிட்டத்தட்ட சரியாகவே ஒலித்தது. ஆனால் தாளம் படத்தை எண்ணி நடப்பதால் மெதுவாகியது. மரியோ முதல் கட்டத்தில் தரும் 400 என்ற நேரக்கணக்கு 24 படத்துக்கு ஒன்றாகக் குறைகிறது. டோக்கியோவில் அது தீர 160 நொடி. மைக்ரோ ஜீனியஸில் 192 நொடி. பேராக்கில் வளர்ந்தவருக்கு மரியோ குதித்து இறங்க எடுத்துக்கொண்ட நேரம், காளான் ஊர்ந்து வந்த வேகம் எல்லாம் இந்த இரண்டாம் கணக்கில்தான் விரல்களில் பதிந்திருக்கின்றன.

2016 நவம்பரில் நிண்டெண்டோ 30 கேம்களை உள்ளடக்கிய சிறு பெட்டியை வெளியிட்டது. பாரிஸில் உள்ள அதன் ஆய்வுப் பிரிவு அதற்கான எமுலேட்டரை எழுதியது. 2018 முதல் ஸ்விட்ச் கருவியில் சந்தா கட்டியும் அந்தக் கேம்களில் பலவற்றை விளையாடலாம். இரண்டிலும் ஓடுவது 60 படப் பதிப்பு. படைத்தவர்கள் எண்ணிய வேகம் அதுதான் என்பதால் அந்த முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மைக்ரோ ஜீனியஸில் பழகிய விரல்கள் அதில் தடுமாறுவதற்கு வயது மட்டும் காரணமல்ல. கேமே உண்மையில் வேகமாக ஓடுகிறது.

செமோரில் ஓடிய அந்த வேகத்தை இன்று காப்பாற்றி வைத்திருப்பவர்கள் ஆர்வலர்கள். எஃப்.சி.இ.யு.எக்ஸ்., மெசன் போன்ற இலவச எமுலேட்டர்களில் என்.டி.எஸ்.சி., பி.ஏ.எல். ஆகியவற்றோடு டென்டி என்று மூன்றாவது நிலை ஒன்று இருக்கிறது. டென்டி என்பது 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த பெட்டியின் பெயர், டி.எக்ஸ்.சி.யின் மைக்ரோ ஜீனியஸ்தான் அங்கே அந்தப் பெயரில் போனது. ரஷ்ய ஆர்வலர்கள் தங்கள் பிள்ளைப்பருவத்துப் பெட்டியை அளந்து எழுதிவைத்த விவரங்கள் மலேசியாவின் பழைய பெட்டிக்கும் அப்படியே பொருந்துகின்றன.

எதிர்த்திசையில் ஒரு தவறு நடந்தது. அதில் மலேசியா நேரடியாகவே அகப்பட்டது. ஆசியாவுக்கென்று வந்த முதல் பிளேஸ்டேஷன் ஜப்பானிய வட்டாரத்தைச் சேர்ந்தது. இந்த வட்டாரத்தில் அதன் கேம்கள் 60 படத்தில் ஓடியவை. 2022 மே மாதம் சோனி தன் புதிய சந்தா முறையை ஜப்பான் நீங்கலான ஆசியாவில் முதலில் தொடங்கியது. பழைய பிளேஸ்டேஷன் கேம்கள் டீலக்ஸ் என்ற உயர்ந்த வகுப்பில் வந்தன. ஆனால் சோனியே வெளியிட்ட சில கேம்கள் ஐரோப்பாவின் 50 படப் பதிப்பாக இருந்தன. மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங், தைவான் விளையாட்டாளர்கள் தாங்கள் ஒருகாலத்திலும் பார்த்திராத மந்தமான பதிப்புக்குக் காசு கட்டியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், பெரும்பாலான கேம்களுக்கு 60 படத் தேர்வும் வரும் என்று அந்த மாத இறுதியிலேயே சோனி அறிவித்தது.

இது தெரியாமல் நடந்த பிழை என்று சொல்வதற்கில்லை. 2018 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக் சிறு பெட்டியின் 20 கேம்களில் ஒன்பது 50 படப் பதிப்புகள். ஒரு நொடியின் சிறு பின்னத்தில் வெற்றி தோல்வி முடிவாகும் ‘டெக்கன் 3’ அவற்றில் ஒன்று. அந்தப் பெட்டிக்குள் இருந்த எமுலேட்டரும் சோனியின் சொந்தப் படைப்பல்ல. ஆர்வலர்கள் திறந்த மூலமாக எழுதிய பி.சி.எஸ்.எக்ஸ். ரீஆர்ம்ட். இதே சோனி, பிளேஸ்டேஷன் கேம்களைக் கணினியில் ஓட்டிக்காட்டிய கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்து எமுலேட்டர் எழுதுவது நியாயமான பயன்பாடே என்று 2000 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பின்னால் எத்தனையோ பேர் எமுலேட்டர் எழுதும் துணிவு பெற்றதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம்.

டீலக்ஸ் வகுப்பு என்ற பெயரிலும் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. மூன்றாம் பிளேஸ்டேஷனின் கேம்கள் சோனியின் வழங்கிகளிலிருந்து இணையம்வழி ஓடவிடப்படுபவை. அந்த வசதி இல்லாத நாடுகளுக்குத்தான் டீலக்ஸ் வகுப்பு. மலேசியா அந்த வரிசையில் இருக்கிறது.

வேகம் தவிர வேறு சில இழப்புகளும் உண்டு. ‘டக் ஹண்ட்’ கேமின் துப்பாக்கி பழைய குழாய்த் திரை ஒளிரும் விதத்தை நம்பியது. தட்டைத் திரையில் அது வேலை செய்யாது. 2014இல் அந்தக் கேமை நிண்டெண்டோவின் வீ யு கருவியில் வெளியிட்டபோது துப்பாக்கிக்குப் பதில் வீ ரிமோட்டைக் கையில் கொடுத்தார்கள். ‘கிரேசி டாக்சி’ 2010இல் மறுபடி வந்தபோது உரிமம் இல்லாததால் அதன் ராக் பாடல்கள் போயிருந்தன. பயணிகளை இறக்கிவிட்ட பிட்சா ஹட் கடையும் போயிருந்தது. நிரலைத் தொடாத எமுலேட்டராலும் ஒப்பந்தத்தை மீற முடியாது.

நன்றாகச் செய்யப்பட்ட மறுவெளியீடு தரும் நன்மை பெரியது. 2019இல் எம்2 நிறுவனம் கோனாமிக்காகச் செய்த ‘கான்ட்ரா’ தொகுப்பில் பல வட்டாரப் பதிப்புகள் சேர்ந்தே கிடைத்தன. வீரர்களுக்குப் பதில் ரோபோக்கள் வரும் ஐரோப்பிய ‘புரோபோடெக்டர்’ உட்பட. டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2022இல் அட்டாரியின் 50 ஆண்டுகளையும், 2023இல் ஜோர்டன் மெக்னரின் ‘கராட்டெகா’ உருவான கதையையும் கேம்களோடு பேட்டிகள், வரைபடங்கள், முற்றுப்பெறாத முன்வடிவங்கள் சேர்த்து வெளியிட்டது. நகல் கேசட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் மதிப்பு ஒருபடி அதிகம். 64-இன்-1, 168-இன்-1 என்று பட்டியல் போட்டு வந்த கேசட்டுகளில் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் முதல் திரையிலிருந்து அழிக்கப்பட்டிருக்கும். யார் செய்தது என்று தெரியாமலே ஒரு தலைமுறை அந்தக் கேம்களை நேசித்தது.

ஆனால் இப்படிக் கரையேறியவை கொஞ்சம்தான். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு எந்த வடிவிலும் விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் கண்டறிந்தது. கரையேறியவையும் நிலைப்பதில்லை. நிண்டெண்டோவின் வீ இணையக் கடை 2019 ஜனவரியிலும், 3டிஎஸ், வீ யு கடைகள் 2023 மார்ச்சிலும் மூடப்பட்டன. அங்கே மட்டும் விற்ற பழைய கேம்களுக்கும் அதோடு விற்பனை முடிந்தது.

மிச்சம் இருப்பவை வீட்டு அலமாரிகளில் கிடக்கும் கேசட்டுகளும் வட்டுகளும். கேசட்டின் நிரல் சிப் உறுதியானது. பல பத்தாண்டுகள் தாங்கும். ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் கேசட்டுகளிலுள்ள காசு வடிவ பேட்டரி மட்டும் முதலில் போகும். வட்டுகளின் கதை வேறு. மலேசியாவின் ஈரக்காற்றில் அவற்றின் மேல் பூஞ்சை படர்கிறது. நகலெடுத்து எழுதிய வட்டுகள் இன்னும் சீக்கிரம் கெடும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, கணினி நிரலின் அசல் பிரதியை வைத்திருப்பவர் அது தொலைந்தாலோ கெட்டாலோ பயன்படுத்துவதற்கென்று ஒரு மாற்றுப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஃபேமிகாம் பெட்டியில் பூட்டுச் சிப் கிடையாது என்பதால், அசல் கேசட்டைப் படித்து எடுப்பதில் எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை. கள்ளக் கேசட்டை இந்தச் சலுகைக்குள் கொண்டுவருவது கடினம். ஆனால் அதன் பட்டியல் திரை, ஒட்டுத்தாள், உள்ளே இருக்கும் பலகை, பெட்டியின் மாதிரி எண் ஆகியவற்றைப் படமெடுத்து வைக்கலாம். ரஷ்ய ஆர்வலர்கள் டென்டியைப் பற்றித் திரட்டியவையும் இத்தகைய விவரங்களே. பேராக்கில் விற்ற பெட்டிகளுக்கு அந்த வேலையை யாரும் இன்றே தொடங்கலாம்.