ஓரடி உயரத்திலிருந்து
மேஜிக் அட்டை விளையாட்டின் பழைய பாணி ஆட்டம் ஒன்றைக் காணொளியில் பார்த்துக்கொண்டிருந்தேன். 1993, 94இல் வந்த அட்டைகளை மட்டுமே வைத்து ஆட வேண்டும் என்பது ஸ்வீடன்காரர்கள் தொடங்கிவைத்த வழக்கம். சிறுவயதில் ஆடி விட்டுவிட்டவர்களை அது மறுபடி மேசைக்கு இழுத்து வந்திருக்கிறது. அந்தக் காலத்து அட்டையான பிளாக் லோட்டஸ் 2024இல் முப்பது லட்சம் டாலருக்குப் போனதைப் பற்றி ஊரே பேசியது. எனக்குப் பிடித்ததோ கேயாஸ் ஆர்ப் என்ற அட்டை. அதைக் குறைந்தது ஓரடி உயரத்திலிருந்து சுண்டிவிட வேண்டும்; ஒருமுறையாவது முழுதாகப் புரண்டு விழ வேண்டும்; அப்போது அது தொடுகிற அட்டைகள் அழியும், பிறகு அதுவும் அழியும். எத்தனை கணக்குப் போட்டு ஆடியவரானாலும் அந்த நொடியில் கையை நம்பித்தான் ஆக வேண்டும். அதிகாரப்பூர்வப் போட்டிகள் எப்போதோ தடை செய்துவிட்ட அட்டை இது. இங்கே நரைத்த தாடிக்காரர்கள் மேசையோடு மேசையாகக் குனிந்து, தொட்டதா தொடவில்லையா என்று பார்க்கிறார்கள். என்ன ஆனந்தம் அந்த முகங்களில்! ஸ்வீடனின் கோதென்பர்கில் நடக்கும் அவர்களுடைய நூப்கான் போட்டியில் வென்றவருக்குப் பரிசு, கலந்துகொண்டவர்கள் கையெழுத்திட்ட ஜயன்ட் ஷார்க் அட்டை. கடையில் அது மலிவாகவே கிடைக்கும். அசல் வாங்க முடியாதவர்களுக்காக நகல் அட்டைகளை அனுமதிக்கும் குழுக்களும் உண்டு. என் ஆதரவு அவர்களுக்குத்தான். பெட்டகத்தில் பூட்டிய அட்டையை யார் சுண்டிவிடப் போகிறார்கள்?