பற்று என்பது காவல்



ஒரு நிலத்தின் மீது மனிதன் கொள்ளும் பற்று எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? லெபனான் மலைக்காடு ஒன்று இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

பஷர்ரி என்னும் ஊருக்கு மேலே, கதீஷா பள்ளத்தாக்கின் தலைப்பில், சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் தேவதாரு இன மரங்கள் நிற்கின்றன. அரபியில் அவற்றை ‘அர்ஸுர் ரப்’, அதாவது ‘இறைவனின் தேவதாருக்கள்’ என்பர். 1860-ஆம் ஆண்டு அங்குச் சென்ற ஆங்கிலேயத் தாவர அறிஞர் ஜோசப் டால்டன் ஹூக்கர் ஓர் உண்மையைக் கண்டார். பண்டைப் பனியாறு மலையை அரைத்துச் சுமந்துவந்து குவித்த கல்மேடுகளின் மீதே அம்மரங்கள் வேரூன்றியிருந்தன! பனியாறு உருகி மறைந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. அது விட்டுச் சென்ற கல்லும் மண்ணும் காட்டைத் தாங்கி நிற்கின்றன.

அவர் கண்டது இன்னொன்றும் உண்டு. எஞ்சியிருந்தவை சுமார் 400 மரங்களே. அவற்றுள் இளமரம் இல்லை! கிழவர் மட்டுமே வாழும் வீட்டின் நிலை அது.

அம்மரத்தை விரும்பாதார் யார்? பினீசியர் கப்பலுக்கு விரும்பினர். மன்னர்கள் மாளிகைக்கு விரும்பினர். ரோமப் பேரரசர் ஹேட்ரியன், நான்கு வகை மரங்கள் தமக்கே உரியவை என்று பாறைகளில் பொறித்து வைத்தார். விரும்பியவர்களே வெட்டினர். எஞ்சிய மரங்களின் கன்றுகளையோ ஆடுகள் மேய்ந்தன.

1876-இல் விக்டோரியா அரசியாரின் பொருளுதவியால் காட்டைச் சுற்றி மதில் எழுந்தது. ‘மேய்ப்பவனின் பிழைப்பு என்னாவது?’ எனச் சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே! ஆயினும் மதில் அடைத்தது ஒரு தோப்பை. மலை முழுவதையும் அன்று. கன்றுக்குச் சிறிது இடம் ஒதுக்குவது எவருக்கும் அநீதியாகாது.

1943-இல் லெபனான் அம்மரத்தைத் தன் கொடியில் பொறித்தது. 1998-இல் யுனெஸ்கோ அக்காட்டை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இவை பெருமைகள், ஆனால் பெருமையால் கன்று வளர்வதில்லை. இன்று புவி வெப்பமடைவதால் அம்மலையில் பனி குறைந்து வருகின்றது. அதனைத் தடுக்க மதிலால் இயலாது.

வாசகர்களே! இறைவனுடையது என்று பெயரிட்ட பொருள் நம் கையில் அமானிதமன்றோ? அமானிதத்தை விரும்பினால் மட்டும் போதாது. குறைவின்றித் திருப்பி ஒப்படைத்தல் வேண்டும். நீங்கள் நேசிக்கும் குளமோ, தோப்போ, மலையோ எதுவாயினும் சரி. அங்கு நிற்கும் முதிர்ந்த மரத்தைக் கண்டு மகிழ்வதோடு நில்லாதீர்கள். அதன் அருகே இளங்கன்று இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லையேல் ஒன்றை நட்டு வேலியிடுங்கள்.