மூணாம் நம்பர் மிஸ்ஸிங்!

காரின் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் எரியும். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும். அணையாவிட்டால்?

நம்மவர்கள் மூன்று வைத்தியம் வைத்திருக்கிறார்கள். ஒன்று, பார்க்காத மாதிரி இருப்பது. இரண்டு, பேட்டரி ஒயரைக் கழற்றிப் பத்து நிமிஷம் கழித்து மாட்டுவது. மூன்று, விளக்கின் மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டுவது. விற்கப்போகிற கார் என்றால் நாலாவதும் உண்டு. விளக்கே எரியாமல் பண்ணிவிடுவது. ஆகவே செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும் இளைஞர்களே, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியாவிட்டால் காரில் கோளாறே இல்லை என்று அர்த்தமில்லை. அதன் வாயைப் பொத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அம்பாசடர், பத்மினி காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடுவார். "பாயின்ட் தேஞ்சிருக்கு சார்" என்பார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுப்பார். வண்டி ஓடும். காரும் மெக்கானிக்கும் நேரடியாகப் பேசிக்கொண்டார்கள். நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

பிறகு ஈ.ஸி.எம். என்கிற கம்ப்யூட்டர் காருக்குள் வந்து உட்கார்ந்தது. ஆளாளுக்கு ஒரு பாஷை பேசினால் யார் ரிப்பேர் செய்வது என்று அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி 16 பின் சாக்கெட், ஒரே மாதிரி கோளாறு நம்பர் என்று சட்டம் போட்டார்கள். இந்தியாவில் 2010 ஏப்ரலில் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. அதனால் இன்று செகண்ட் ஹேண்டில் கைமாறும் பத்து, பன்னிரண்டு வருஷக் கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் அந்த சாக்கெட் இருக்கும். ரிச்சி தெருவில் தீப்பெட்டி சைஸில் ஒரு ப்ளூடூத் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை சாக்கெட்டில் செருகினால் உங்கள் செல்போனே ஸ்கேனர்.

நம்பர் எப்படி வரும்? உதாரணத்துக்கு பி-0303. முதல் எழுத்து 'பி' என்றால் எஞ்சின், கியர்பாக்ஸ் பக்கத்துச் சமாசாரம். அடுத்த பூஜ்யம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான நம்பர் என்பதற்கு. அங்கே 1 இருந்தால் அந்தக் கம்பெனியின் சொந்த நம்பர். அதற்கடுத்த 3, இக்னிஷன் அல்லது மிஸ்ஸிங். கடைசி 03, மூன்றாவது சிலிண்டர். ஆக, 'மூணாம் நம்பர் மிஸ்ஸிங் அடிக்குது' என்பதைக் கம்ப்யூட்டர் இப்படிச் சுருக்கெழுத்தில் சொல்கிறது. 0301 என்றால் முதல் சிலிண்டர், 0304 என்றால் நாலாவது. 0300 என்றால் ஏதோ ஒன்றில் அல்லது பலதில், எதில் என்று குறிப்பாகச் சொல்லத் தெரியவில்லை என்று பொருள்.

இங்கேதான் நாம் ஏமாறுகிற இடம் வருகிறது. இந்த நம்பர் ஒரு எஃப்.ஐ.ஆர். மட்டுமே. தீர்ப்பு அல்ல. எங்கே, எப்போது சம்பவம் நடந்தது என்று சொல்லும். குற்றவாளி யார் என்று சொல்லாது. ஆனால் பல இடங்களில் எஃப்.ஐ.ஆரைப் படித்த கையோடு ஒரு பார்ட்டைத் தூக்கில் போட்டுவிடுகிறார்கள். பில் நமக்கு.

கம்ப்யூட்டருக்கு மிஸ்ஸிங் எப்படித் தெரிகிறது என்று புரிந்துகொண்டால் இது விளங்கும். பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலே ஏற்றுகிறது. அது ஸ்பார்க் பிளக்கின் நுனியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும்போதுதான் பொறி. நாலு சிலிண்டர் கார் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் விநாடிக்கு 100 பொறி. ஒவ்வொரு பொறிக்கும் பெட்ரோல் வெடித்து, கிராங்க் ஷாஃப்டுக்கு ஒரு உதை கிடைக்கிறது. கிராங்க் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சென்சார், அதன் வேகத்தை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு உதை குறைந்தால் கிராங்க் துளி தாமதிக்கும். யாருடைய முறை அது என்று கணக்குப் பார்த்து, கம்ப்யூட்டர் நம்பரை எழுதிக்கொள்ளும்.

அதாவது, அது பிளக்கைப் பார்க்கவில்லை. பொறியையும் பார்க்கவில்லை. நாலு பேர் தூக்குகிற பல்லக்கில் மூன்றாவது ஆள் தோள் கொடுக்கவில்லை என்பதைப் பல்லக்கின் ஆட்டத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறது. அவனுக்குச் சோறு இல்லையா (பெட்ரோல் வரவில்லை), உடம்பில் தெம்பு இல்லையா (கம்ப்ரெஷன் இல்லை), இல்லை யாரும் 'தூக்குடா' என்று குரல் கொடுக்கவில்லையா (பொறி இல்லை) என்பதெல்லாம் பல்லக்கில் இருப்பவருக்குத் தெரியாது. இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இறங்கிப் பார்க்காததால் எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் தம்பிக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். 2013 மாடல் ஹேட்ச்பேக், நாலு சிலிண்டர், பெட்ரோல். மனைவிக்கு எட்டாம் மாசம். தாம்பரத்திலிருந்து எழும்பூருக்குச் செக்கப் போகவேண்டுமே என்றுதான் கடன் போட்டு வாங்கினான். சிக்னலில் நின்றால் கார் குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறியது. மஞ்சள் விளக்கு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் பண்ணி, "பி-0303 காட்டுது. மூணாவது காயில் போச்சு" என்றார்கள். புதுக் காயில் போட்டான். மூன்று நாள் நன்றாக ஓடியது. நாலாம் நாள் மறுபடி உதறல், அதே நம்பர்.

"புதுக் காயில் போட்டும் வருதுன்னா ஈ.ஸி.எம். தான் சார். முப்பத்தெட்டாயிரம் ஆகும்."

தம்பி கையில் வாங்கும் சம்பளம் நாற்பத்தொன்று. மீதி மூவாயிரத்தில் பிரசவம் பார்க்கவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். வேப்பமரத்தடி, தகரக் கொட்டகை, அறுபது வயசு. தம்பி மடமடவென்று கதை சொன்னான். பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "நம்பரை அழிச்சுட்டாங்களா?"

"இல்லண்ணே, அப்படியே இருக்கு."

"நல்ல வேளை. எழுதிக்கோ. எந்த ஸ்பீடுல, எவ்வளவு சூட்டுல வந்துதுன்னும் அதுலயே இருக்கும், பாரு."

இருந்தது. கோளாறு பதிவான கணத்தின் ஆர்.பி.எம்., எஞ்சின் சூடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் போட்டோ பிடித்த மாதிரி வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். சூடான எஞ்சின், ஐட்லிங். பேட்டரியைக் கழற்றுகிறவர்கள் அனேகமாக இந்தச் சாட்சியைத்தான் முதலில் கொல்கிறார்கள்.

எஞ்சின் ஆறட்டும் என்று டீ குடித்தோம். பிறகு பெரியவர் மூன்றாவது காயிலை உருவினார். கீழே இருந்த ரப்பர் பளபளவென்று எண்ணெயில் குளித்திருந்தது. மனுஷன் ஒன்றும் பேசவில்லை. துடைத்தார். பிளக் குழியையும் துணியால் ஒற்றி எடுத்தார். மூன்றாவது காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை மூன்றாவதிலும் மாற்றி மாட்டினார்.

"இப்ப நம்பரை அழிச்சுட்டு ஓட விடு. கெட்டது காயிலா இருந்தா, அது போன எடத்துக்கு மிஸ்ஸிங்கும் போகும். 0302 வரணும்."

கொஞ்ச நேர ஓட்டத்துக்குப் பின் வந்தது 0303. காயில் நிரபராதி! காசு செலவில்லாமல் ஒரு விடுதலை.

மறுபடி ஆறவிட்டு, மூன்றாவது பிளக்கைக் கழற்றினார். வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிய கறுப்புத் தடம். "பாத்தியா? கரன்ட் நுனிக்குப் போகாம இந்த வழியா இறங்கி பாடிக்கு எர்த் ஆயிடுது. இந்த எண்ணெய் எங்கேருந்து வருது? மேல டேப்பட் கவர் பேக்கிங் காஞ்சு அப்பளமா போயிருக்கு. குழியில ஊறுது. காயில் மாத்தினா மூணு நாள் ஓடும். நாலாம் நாள் அதுவும் எண்ணெயில ஊறும்."

பேக்கிங், நாலு பிளக், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். விளக்கு அணைந்தது. முந்தின ஒர்க்‌ஷாப்பைத் திருடர்கள் என்று சொல்லமாட்டேன். ஸ்கேனர் சொன்னது நிஜம், மூணாம் நம்பர் மிஸ்ஸிங்தான். 'காயில்' என்பது மட்டும் ஸ்கேனர் சொல்லாதது, அவர்கள் சேர்த்தது.

உங்கள் காரில் சிலிண்டருக்கு ஒரு காயில் இருந்தால் இதே இடமாற்ற வித்தைதான். காயிலை மாற்று, நம்பர் நகர்கிறதா? இல்லையென்றால் பிளக்கை மாற்று. அதற்கும் நகராவிட்டால் இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரெஷன். சில பழைய நாலு சிலிண்டர் கார்களில் இரண்டே காயில் இருக்கும். 1-க்கும் 4-க்கும் ஒன்று, 2-க்கும் 3-க்கும் ஒன்று. அங்கே 0301, 0304 இரண்டும் ஜோடியாக வந்தால் காயில் மேல் சந்தேகப்படலாம். ஒன்று மட்டும் வந்தால் அந்தப் பிளக் அல்லது அதற்குப் போகிற எச்.டி. ஒயர். மழைநாளில் மட்டும் உதறுகிற கார்களில் அனேகமாக இந்த ஒயர்தான் வெடித்திருக்கும். ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்துவைத்துப் பாருங்கள். நீலப் பொறி கசிந்தால் கண்ணுக்கே தெரியும். கண்ணால் மட்டும் பாருங்கள். ஓடுகிற எஞ்சினில் ஒயரைத் தொட்டால் இருபதாயிரம் வோல்ட் உங்களைத் தொடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது.

0351 முதல் 0354 வரை வந்தால் விஷயம் வேறு. அது காயிலின் கரன்ட் சர்க்யூட்டைப் பற்றிய புகார். காயிலை இடம் மாற்றியும் நம்பர் அதே இடத்தில் நின்றால் கப்ளர், ஒயர், எர்த் என்று தேடவேண்டும். முக்கியமாக எலி! ராத்திரியில் சூடான எஞ்சினில் குடித்தனம் வந்து ஒயரைக் கொறித்துவிட்டுப் போகும். எலிக்கென்று தனி நம்பர் இன்னும் எந்தக் கம்பெனியும் ஒதுக்கவில்லை. இதையெல்லாம் பார்த்த பிறகுதான், கடைசியில், ஈ.ஸி.எம்.

0335 என்றால் அந்த கிராங்க் சென்சாரின் சர்க்யூட். சூடானதும் கார் திடீரென்று நிற்கும், ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். சென்சாரோடு அதன் கப்ளரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாம். மினுக்கு மினுக்கு என்று மின்னினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிகிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடே உருகிவிடும். அதில் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். விலை எப்படி இருக்கும் என்று நகைக்கடைப் பக்கம் போனவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பிளக்கை நீங்களே கழற்றப் போகிறீர்களா? எஞ்சின் ஆறிய பிறகு மட்டும். சூட்டில் திருகினால் அலுமினிய மரை பிளக்கோடு கையில் வரும். திரும்ப மாட்டும்போது முதலில் விரலால் சுற்றுங்கள், ஸ்பானர் கடைசியில். முறுக்கித் தள்ளவேண்டாம்.

இதெல்லாம் நமக்கெதற்கு, ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுகிறேன் என்பவர்களும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: "காயில்தான்னு எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" நல்ல மெக்கானிக்குக் கோபம் வராது. உற்சாகமாகப் பழைய பிளக்கைக் கையில் கொடுத்துப் பாடமே எடுப்பார். "ஸ்கேனர்ல காட்டுது சார்" என்பது மட்டும்தான் பதில் என்றால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். விளக்கு மின்னாத வரைக்கும், மூன்று சிலிண்டரில் ஓடுகிற கார் அடுத்த தெரு மெக்கானிக் வரைக்கும் போகும்.