ஊழல் ஊழல் என்று சொன்னால் மட்டும் ஓட்டு விழுமா?

கோயில் தொண்டர்களுக்கு அரசியல் எதுக்குன்னு சிலர் கேட்பீங்க. எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்டு இதை நாங்கள் எழுதவில்லை. அன்னதானம் முடிந்து நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். யார் எவ்வளவு அடிச்சான், யார் மேல கேஸ், யார் தப்பிச்சான். கடைசியில் ஒருத்தர், "எல்லாரும் திருடனுங்கதான், இனிமே நான் ஓட்டே போட மாட்டேன்" என்று எழுந்து போவார். அந்தக் கடைசி வார்த்தைதான் எங்களுக்குக் கவலை.

எங்கள் கருத்து இதுதான். அடுத்தவன் ஊழலைப் பேசி ஒரு கட்சி ஒருமுறை ஜெயிக்கலாம். ஜெயித்த பிறகும் அதையே பேசிக்கொண்டிருந்தால் அது அவர்கள் பக்கமே திரும்பிவிடும்.

2018 மே 9-ஐ நினைத்துப் பாருங்கள். 1எம்டிபி விவகாரத்தில் களவு போனது 450 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் என்று அமெரிக்க நீதித்துறை சொன்னது. அவ்வளவு பணத்தை நாம் கனவிலும் பார்த்ததில்லை. ஆனால் 2015 ஏப்ரல் முதல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டினோமே, அது தினமும் கடை ரசீதில் கண்ணில் பட்டது. "நாம இங்க கட்டறோம், அவங்க அங்க எடுக்கறாங்க" என்று ஜனங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஆட்சி மாறியது. சொன்னபடி ஜூன் 1-ல் ஜிஎஸ்டி பூஜ்ஜியம் ஆனது. அது வரைக்கும் சரி.

அதற்குப் பிறகு என்ன ஆச்சு? டோல் எடுப்போம் என்றார்கள், எடுக்கவில்லை. 4,000 வெள்ளிக்குக் கீழே சம்பளம் வாங்குகிறவர்கள் பிடிபிடிஎன் கடனை அப்புறம் கட்டலாம் என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. விலைவாசி இறங்கவில்லை. ஆனால் செராமா மேடையில் மட்டும் பழைய ஆட்சியின் கதை ஓய்ந்தபாடில்லை. 2019 தொடக்கத்திலேயே நஜிப் "மாலு அபா, போஸ்கு" என்று சிரித்துக்கொண்டே ஊர் ஊராகப் போனார். அவரோடு படம் எடுக்க இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள்.

தஞ்சோங் பியாய் இடைத்தேர்தலை மறந்திருக்க மாட்டீர்கள். 2018-ல் நம்பிக்கைக் கூட்டணி 524 ஓட்டில் ஜெயித்த தொகுதி அது. 2019 நவம்பர் 11-ஆம் தேதி, எஸ்ஆர்சி வழக்கில் நஜிப் எதிர்வாதம் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஊழலைப் பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ஐந்து நாள் கழித்து, 16-ஆம் தேதி, அந்தத் தொகுதியைத் தேசிய முன்னணி 15,086 ஓட்டு வித்தியாசத்தில் பிடித்தது.

"அப்போ நம்ம ஜனங்களுக்கு ஊழல் ஒரு பொருட்டே இல்லை" என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. 2022 மார்ச் ஜொகூர் தேர்தலில், தண்டனை விதிக்கப்பட்டு மேல்முறையீட்டில் இருந்த நஜிப்பே பிரச்சாரம் செய்தார். தேசிய முன்னணிக்கு 56-ல் 40 இடம் கிடைத்தது. அதே தேசிய முன்னணிக்கு நவம்பர் பொதுத்தேர்தலில் நாடு முழுக்க 222-ல் கிடைத்தது 30 தான். ஊழல் கறை உறுத்தாமலா இப்படி ஆனது? ஆனால் விலகிய மலாய் ஓட்டு எங்கே போனது பாருங்கள். வருஷக்கணக்காக ஊழலைப் பேசியவர்களிடம் பெரும்பாலும் போகவில்லை. "நாங்க சுத்தம், நிலையான ஆட்சி தருவோம்" என்று வந்த பெரிக்காத்தான் நேஷனல் 70 இடத்துக்கு மேல் அள்ளிக்கொண்டு போனது. கத்தியவர் ஒருத்தர், ஓட்டு வாங்கியவர் இன்னொருத்தர்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் மோசம். யாரை மேடை மேடையாகத் திட்டினார்களோ அவர்களோடு சேர்ந்தே ஆட்சி அமைத்தார்கள். 2023 செப்டம்பர் 4-ல் துணைப் பிரதமர் ஸாஹிட் மீதிருந்த 47 குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். அது முழு விடுதலை இல்லை, வழக்கை மறுபடி கொண்டுவர அப்போது இடம் இருந்தது. அந்த முடிவு சரியா தவறா என்று சொல்ல நாங்கள் சட்டம் படித்தவர்கள் இல்லை. ஐந்து நாளில் பூலாய் இடைத்தேர்தல் வந்தது. ஆளுங்கட்சிதான் ஜெயித்தது, ஆனால் ஓட்டுப் போட வந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. சிங்கப்பூரில் வேலை, அலுப்பு என்று காரணம் பல இருக்கலாம். ஊழல் ஒழிப்பு பேசி நம்ப வைத்தவர்கள் தங்கள் ஆள் என்றதும் குரலைத் தணித்தால், "எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்" என்று சிலர் வீட்டிலேயே இருந்துவிடுவது ஆச்சரியமா?

கோயில் ஆண்டுக் கூட்டத்தில் பார்க்காததா? பழைய நிர்வாகத்தின் கணக்கில் ஓட்டை என்று சொல்லிப் புதுக் குழு வருகிறது. கணக்குக் கேட்டது நியாயம், கேட்டே ஆகணும். ஆனால் இரண்டாவது வருஷமும் அதே பேச்சு, திருப்பணி நின்ற இடத்திலேயே நிற்கிறது, தேவார வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, சமையல்கட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால் ஜனம் என்ன சொல்லும்? "பழைய ஆளு எடுத்தாலும் திருவிழாவை நடத்தினாருப்பா" என்று சொல்லும். அது தப்பான பேச்சு. ஆனால் அதை நம்ம வாயில் வரவழைத்தது யார்?

அதனால் அடுத்த தேர்தலுக்கு மாலை வாங்கிக்கொள்ள வேட்பாளர்கள் கோயிலுக்கு வரும்போது, எதிர்க்கட்சிக்காரரின் கேஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மரியாதையாக நிறுத்திக் கேளுங்கள். "ஐயா, அது பேப்பர்ல படிச்சோம். சிவப்பு அடையாள அட்டையோட இன்னும் அலையிற எங்க பாட்டிக்கு என்ன செய்யப் போறீங்க? இங்கிருக்கிற தமிழ்ப்பள்ளிக்கு என்ன செய்வீங்க? உங்க கட்சிக்காரர் மேலயே நாளைக்குக் கேஸ் வந்தா இதே மாதிரி பேசுவீங்களா?" பதில் சொல்கிறவரை யோசித்துப் பார்க்கலாம். மழுப்புகிறவருக்குத் திருநீறு கொடுத்து அனுப்புங்கள், போதும்.

வீட்டில் 18 வயசு ஆன பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் தானாகவே ஏறிவிடும். அவர்கள் காதில் "எல்லாரும் திருடன்" என்று மட்டும் போட்டு வைக்காதீர்கள். நல்லவர் ஓட்டுப் போடாமல் இருந்தால் திருடனுக்குத்தான் லாபம்.

இது தொண்டர்கள் சிலரின் கருத்து மட்டுமே, ஆலய நிர்வாகத்தின் கருத்து அல்ல. மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், மரியாதையோடு எழுதுங்கள். அன்பே சிவம்.